‘அதையும் இதையும் எடு’ என்றால் டேட்டாபேஸுக்கு என்ன புரியும்? பல மதிப்புகளால் வடிகட்டுதல்

“கணித நூல்களையும் வரலாற்று நூல்களையும் எடுத்து வை” என்று ஒருவரிடம் சொன்னால் மேசையில் இரண்டு குவியல்கள் இருக்கும். தரவுகளைச் சேமித்து வைக்கும் மென்பொருள்தான் டேட்டாபேஸ்; அதனிடம் பேசும் மொழி எஸ்கியூஎல். அதே வாக்கியத்தை ‘அண்ட்’ (இதுவும் அதுவும்) போட்டு எஸ்கியூஎல்லில் எழுதினால் ஒரு நூல்கூட வராது. பிழைச் செய்தியும் வராது. பூஜ்யம் வரிசைகள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரை அமைதியாகிவிடும்.

தவறு வாக்கியத்தில் இருக்கும் ‘உம்’மில் தொடங்குகிறது. “கணித நூலும் வரலாற்று நூலும்” என்பதில் அது இரண்டு குவியல்களைச் சேர்க்கிறது. “படமும் வரைபடமும் உள்ள நூல்” என்பதில் ஒரே நூலிடம் இரண்டையும் கேட்கிறது. ஒரே விகுதி, வேலை வேறு. கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். டேட்டாபேஸ் அப்படிச் செய்யாது; எது வேண்டும் என்று நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

எஸ்கியூஎல் பிறந்ததே ஆங்கில வாக்கியம்போல வாசிக்கப்பட வேண்டும் என்ற ஆசையில்தான். 1974இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டபோது ‘சீக்வல்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் விரிவிலேயே ‘இங்கிலீஷ்’ இருக்கிறது. பேச்சுபோலத் தோன்றுவதால் பேச்சுபோலவே அர்த்தம் தரும் என்று நம்பிவிடுகிறோம்.

(இந்தக் கட்டுரையில் கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறது. கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

வாசலில் நிற்கும் காவலர்

ஒரு விழாவுக்கு வருகிறவர்களை வாசலில் ஒருவர் நிறுத்திப் பார்க்கிறார். கையில் ஒரு பெயர்ப் பட்டியல். வருகிறவர் பெயர் அதில் எங்காவது இருந்தால் உள்ளே விடுவார், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். அடுத்தவர் வந்ததும் முன்னால் போனவரை மறந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரே கேள்வி.

குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வி, இப்படித்தான் வேலை செய்கிறது. தரவுகள் அட்டவணையில் இருக்கின்றன. அட்டவணையின் ஒவ்வொரு கிடைக்கோடும் ஒரு வரிசை. ஒவ்வொரு நெடுக்குப் பத்தியும் ஒரு புலம். ‘வேர்’ என்ற சொல்லுக்குப் பின் எழுதுவது நிபந்தனை. அந்த நிபந்தனையை டேட்டாபேஸ் ஒவ்வொரு வரிசையிடமும் தனித்தனியாகக் கேட்கிறது. ‘ஆம்’ என்று பதில் வரும் வரிசைகள் மட்டும் தேறும்.

இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஆறு நூல்கள்தான் எடுத்துக்காட்டு. அட்டவணையின் பெயர் ‘நூல்கள்’. புலங்கள் எண், துறை, ஆண்டு:

1, கணிதம், 2015
2, வரலாறு, 1998
3, இசை, 2020
4, கணிதம், 2004
5, (துறை நிரப்பப்படவில்லை), 2011
6, வரலாறு, 2021

இப்போது முதல் தவறைப் பாருங்கள்:

வேர் துறை = 'கணிதம்' அண்ட் துறை = 'வரலாறு'

முதல் நூலிடம் கேட்கிறது: உன் துறை கணிதமா? ஆம். உன் துறை வரலாறா? இல்லை. அண்டுக்கு இரண்டும் ‘ஆம்’ ஆக வேண்டும், எனவே வெளியே. ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான் இருக்கிறது. அது ஒரே சமயத்தில் கணிதமாகவும் வரலாறாகவும் இருக்க முடியாது. ஆறு நூல்களில் எதுவும் தேறாது.

ஆர், அதன் சுருக்கமான இன்

வேண்டியது ‘ஆர்’: இதுவோ அதுவோ, ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்.

வேர் துறை = 'கணிதம்' ஆர் துறை = 'வரலாறு'

1, 2, 4, 6 ஆகிய நூல்கள் வரும். புலத்தின் பெயரை இரண்டு முறையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சோம்பல்பட்டு ‘துறை = 'கணிதம்' ஆர் 'வரலாறு'’ என்று எழுதினால் ஆரின் வலப்பக்கம் வெறும் சொல் நிற்கும்; அது கேள்வியே அல்ல. போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் பிழை என்று நிறுத்திவிடும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற வேறு இரண்டு மென்பொருள்கள் அந்தச் சொல்லை எண்ணாக மாற்றப் பார்த்து, பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, கணித நூல்களை மட்டும் தரும். எண்களில் இன்னும் மோசம்: ‘துறை_எண் = 1 ஆர் 2’ என்று எழுதினால் அந்த இரண்டிலும் அட்டவணை முழுவதும் வந்து நிற்கும். பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் அங்கே ‘ஆம்’தான்.

மதிப்புகள் பத்து என்றால் புலத்தின் பெயரைப் பத்து முறை எழுத வேண்டும். அதற்காகத்தான் ‘இன்’:

செலக்ட் எண் ஃப்ரம் நூல்கள்
வேர் துறை இன் ('கணிதம்', 'வரலாறு');

‘செலக்ட்’ எந்தப் புலத்தைக் காட்ட வேண்டும் என்றும் ‘ஃப்ரம்’ எந்த அட்டவணையிலிருந்து என்றும் சொல்கின்றன. இன்னுக்குப் பின் வருவதுதான் காவலரின் கையில் இருக்கும் பட்டியல். அடைப்புக்குறிக்குள் மதிப்புகள், நடுவில் காற்புள்ளி, சொற்களுக்கு ஒற்றை மேற்கோள், எண்களுக்கு மேற்கோள் வேண்டாம். ஒரே மதிப்பைப் பட்டியலில் இரண்டு முறை எழுதினாலும் விடை இரட்டிக்காது. பட்டியலில் பெயர் இரண்டு முறை இருப்பதால் ஒருவர் இரண்டு முறை உள்ளே போவதில்லையே.

இன் வேகமா, ஆர் வேகமா என்ற பட்டிமன்றம் ஓயாமல் நடக்கிறது. பொருள் இரண்டுக்கும் ஒன்று. சில மதிப்புகளுக்கு வேகத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பட்டியல் நீளும்போது இன்னுக்குச் சாதகம் உண்டு: மைஎஸ்கியூஎல் நிலையான மதிப்புகளை முதலில் அடுக்கிக்கொண்டு பாதி பாதியாக வெட்டித் தேடும், போஸ்ட்கிரெஸ் 14ஆம் பதிப்பிலிருந்து ஒன்பதும் அதற்கு மேலும் மதிப்புகள் இருந்தால் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு நேராகப் போகும் ஹாஷ் முறையில் தேடும். ஆனால் வேகத்தை உண்மையில் தீர்மானிப்பது அந்தப் புலத்துக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா என்பதுதான். இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்றது: எல்லாப் பக்கத்தையும் புரட்டாமல் நேராகப் போகலாம்.

அண்டும் ஆரும் ஒரே வரியில்

2010க்குப் பிறகு வந்த கணித நூல்களும் வரலாற்று நூல்களும் வேண்டும். எழுதியது இது:

வேர் துறை = 'கணிதம்' ஆர் துறை = 'வரலாறு' அண்ட் ஆண்டு > 2010

எதிர்பார்த்தது 1, 6. வந்தது 1, 4, 6. நான்காம் நூல் 2004இல் வெளிவந்தது; எப்படி உள்ளே நுழைந்தது?

கணக்கில் கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வதுபோல, எஸ்கியூஎல்லில் ஆருக்கு முன் அண்ட் இறுகும். மேலே உள்ள வரியை டேட்டாபேஸ் ‘எந்த ஆண்டானாலும் கணிதம், அல்லது 2010க்குப் பிந்தைய வரலாறு’ என்று படித்துவிட்டது. ஆர் பகுதியை அடைப்புக்குறிக்குள் போட்டால் சரியாகும். இன் எழுதினால் அந்தக் கவலையே இல்லை:

வேர் துறை இன் ('கணிதம்', 'வரலாறு') அண்ட் ஆண்டு > 2010

இன்னைப் பழக்கமாக்கிக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து.

இதுவரை பார்த்தது: நிபந்தனை ஒவ்வொரு வரிசையிடமும் தனியாகக் கேட்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு. ‘இவற்றில் ஏதாவது ஒன்று’ வேண்டுமென்றால் ஆர் அல்லது இன். இரண்டையும் ஒரே கட்டத்திடம் அண்ட் போட்டுக் கேட்டால் வெறுங்கை.

‘எல்லாமே இருக்க வேண்டும்’ என்பது வேறு கேள்வி

ஒரு நூலுக்குப் பல குறிச்சொற்கள் இருக்கலாம். அவற்றுக்குத் தனி அட்டவணை. பெயர் ‘குறிகள்’, புலங்கள் நூல்_எண், குறி:

1, தொடக்கம்
1, படம்
4, தொடக்கம்
6, தொடக்கம்
6, படம்
6, வரைபடம்

‘தொடக்கம்’, ‘படம்’ இரண்டும் உள்ள நூல்கள் வேண்டும். இன் போட்டால் நான்காம் நூலும் வந்துவிடும், ஏனென்றால் அதற்கு ஒன்று போதும். அண்ட் போட்டால் எதுவும் வராது. காரணம் முன்பே பார்த்ததுதான். விடை ஒரு வரிசைக்குள் இல்லை. ஒரே நூலைச் சேர்ந்த பல வரிசைகளை ஒன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே முதலில் இன் போட்டுத் தொடர்புள்ள வரிசைகளை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு நூல் வாரியாகக் கட்டுக் கட்ட வேண்டும். அதுதான் ‘குரூப் பை’. கடைசியில் ஒவ்வொரு கட்டிலும் எத்தனை வெவ்வேறு குறிகள் என்று எண்ண வேண்டும். கட்டுகளுக்கு வைக்கும் நிபந்தனைக்குப் பெயர் ‘ஹேவிங்’:

செலக்ட் நூல்_எண் ஃப்ரம் குறிகள்
வேர் குறி இன் ('தொடக்கம்', 'படம்')
குரூப் பை நூல்_எண்
ஹேவிங் கவுண்ட்(டிஸ்டிங்ட் குறி) = 2;

கையால் செய்து பாருங்கள். இன் வடிகட்டிய பின் ஐந்து வரிசைகள் மிஞ்சும், ‘வரைபடம்’ கழன்றுவிடும். கட்டு கட்டினால் நூல் 1க்கு இரண்டு, 4க்கு ஒன்று, 6க்கு இரண்டு. இரண்டு உள்ளவை 1, 6. பட்டியலில் மூன்று குறிகள் என்றால் கடைசி எண்ணையும் 3 ஆக்க வேண்டும். பட்டியலை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

‘டிஸ்டிங்ட்’ எதற்கு? நான்காம் நூலுக்குத் தவறுதலாக ‘தொடக்கம்’ இரண்டு முறை பதிவாகியிருந்தால், வெறும் கவுண்ட் அதை இரண்டு என்று எண்ணி உள்ளே விட்டுவிடும். டிஸ்டிங்ட் ஒரே குறியை ஒரு முறைதான் எண்ணும்.

தனி அட்டவணை எதற்கு, ஒரே கட்டத்தில் 'தொடக்கம்,படம்' என்று காற்புள்ளி போட்டு அடைத்துவிடலாமே என்று தோன்றும். பலரும் அடைக்கிறார்கள். அதற்குப் பிறகு இன் வேலை செய்யாது, ஏனென்றால் டேட்டாபேஸுக்கு அது முழுதாக ஒரே சொல். ‘லைக் '%படம்%'’ என்று சொல்லுக்குள் தேடப் போவீர்கள் (% இருக்கும் இடத்தில் எந்த எழுத்துகளும் வரலாம் என்று பொருள்). ‘வரைபடம்’ மட்டும் உள்ள நூலும் சேர்ந்து வரும், ஏனென்றால் அதற்குள்ளும் ‘படம்’ இருக்கிறது. முன்னால் % குறி இருப்பதால் சாதாரண இண்டெக்ஸும் உதவாது.

எதுவும் இல்லாதவை: நாட் இன் வைக்கும் கண்ணி

கணிதமும் வரலாறும் அல்லாத நூல்கள் வேண்டும்.

வேர் துறை நாட் இன் ('கணிதம்', 'வரலாறு')

மூன்றாம் நூல் வரும். ஐந்தாவது வராது. அது கணிதமும் இல்லை, வரலாறும் இல்லையே?

ஐந்தாம் நூலின் துறையில் இருப்பது ‘நல்’. நல் என்றால் மதிப்பு தெரியவில்லை என்று பொருள். (பெயரில் மட்டும்தான் நல்லது.) அது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. தெரியாத ஒன்றைப் பார்த்து ‘நீ கணிதமா?’ என்று கேட்டால் பதில் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, ‘தெரியாது’. வேர் ‘ஆம்’ என்றவர்களை மட்டுமே விடும், ‘தெரியாது’ வாசலிலேயே நின்றுவிடும். அதையும் சேர்க்க வேண்டுமானால் ‘ஆர் துறை இஸ் நல்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

இது சின்ன இழப்பு. நல் பட்டியலுக்குள் புகுந்தால்தான் பெரிய இழப்பு:

வேர் துறை நாட் இன் ('கணிதம்', 'வரலாறு', நல்)

ஒரு நூலும் வராது. எவ்வளவு பெரிய அட்டவணையானாலும் வராது. நாட் இன்னை விரித்துப் பார்த்தால் காரணம் தெரியும்: ‘கணிதம் அல்ல, அண்ட் வரலாறு அல்ல, அண்ட் நல் அல்ல’. இசை நூலுக்கு முதல் இரண்டும் ஆம். மூன்றாவதாக, தெரியாத ஒன்றுக்குச் சமமில்லையா என்றால் ‘தெரியாது’. இரண்டு ஆமும் ஒரு தெரியாதும் அண்டில் சேர்ந்தால் முடிவு தெரியாது.

கையால் யாரும் பட்டியலில் நல் எழுத மாட்டார்கள். ஆனால் பட்டியலை இன்னொரு அட்டவணையிலிருந்து எடுக்கும்போது அது தானாக வந்துவிடும். குவெரிக்குள் இருக்கும் இன்னொரு குவெரிக்குத் துணைக்குவெரி என்று பெயர். நாட் இன்னுக்குள் துணைக்குவெரி வந்தால் அதில் ‘இஸ் நாட் நல்’ என்ற நிபந்தனையைச் சேருங்கள், அல்லது ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ பயன்படுத்துங்கள். பொருந்தும் வரிசை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதால் அது நல்லில் இடறாது. நேற்றுவரை சரியாக ஓடிய அறிக்கை இன்று காலியாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சுருக்கமாக: ஏதாவது ஒன்று என்றால் இன். எல்லாமே என்றால் இன்னோடு குரூப் பை, ஹேவிங். எதுவும் இல்லை என்றால் நாட் இன், ஆனால் நல்லைப் பார்த்த பிறகு.

துணைக்குவெரியில் ஒரு எழுத்துப்பிழை

இன்னுக்குள் துணைக்குவெரி வைப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. ‘நீக்கியவை’ என்ற அட்டவணையில் ‘நூல்_எண்’ என்ற புலம் மட்டும் இருக்கிறது. அதில் உள்ள நூல்களை ‘நூல்கள்’ அட்டவணையிலிருந்து நீக்க ‘டிலீட்’ எழுதுபவர் புலத்தின் பெயரை மாற்றி அடித்துவிட்டார்:

டிலீட் ஃப்ரம் நூல்கள்
வேர் எண் இன் (செலக்ட் எண் ஃப்ரம் நீக்கியவை);

‘நீக்கியவை’யில் ‘எண்’ என்ற புலமே இல்லை. பிழை வர வேண்டும் என்றுதான் நினைப்போம். வராது. உள்ளே இல்லாத பெயரை டேட்டாபேஸ் வெளியே தேடும். ‘நூல்கள்’ அட்டவணையில் அது கிடைத்துவிடும். ஒவ்வொரு நூலிடமும் ‘உன் எண் உன் எண்ணா?’ என்று கேட்பதாகிவிடும். எல்லாரும் ஆம் என்பார்கள். ‘நீக்கியவை’யில் ஒரு வரிசை இருந்தாலே போதும், நூல்கள் அத்தனையும் போய்விடும். இது டேட்டாபேஸின் கோளாறு அல்ல, மொழியின் விதி அப்படி. துணைக்குவெரிக்குள் எப்போதும் அட்டவணைப் பெயரோடு ‘நீக்கியவை.எண்’ என்று எழுதினால் அந்தக் கணமே பிழை காட்டி நின்றுவிடும். நீக்கும் முன் அதே நிபந்தனையை செலக்டில் ஓட்டி எத்தனை வரிசை வருகிறது என்று பார்ப்பதும் ஒரு நிமிட வேலைதான்.

செயலியிலிருந்து பட்டியலை அனுப்பும்போது

பயனர் திரையில் மூன்று பெட்டிகளை டிக் செய்கிறார்; அந்த மூன்று எண்களும் குவெரிக்குள் போக வேண்டும். அவற்றைக் குவெரியின் உரையில் நேரடியாக ஒட்டக் கூடாது. பயனர் அனுப்பும் சொல்லுக்குள் கட்டளை ஒளிந்து வந்தால் அதுவும் ஓடிவிடும். எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் என்பது இதுதான். மதிப்பு வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்ப வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் பராமீட்டர்.

ஒரு பராமீட்டர் ஒரு மதிப்பைத்தான் பிடிக்கும். ‘இன் (?)’ என்று எழுதி '1,2,3' என்று அனுப்பினால் போவது மூன்று எண்கள் அல்ல, ஐந்து எழுத்துள்ள ஒரு சொல். போஸ்ட்கிரெஸ் அது எண் அல்ல என்று மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல் அதன் தலைப்பகுதியில் இருக்கும் 1ஐ மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு ஒரே ஒரு நூலைத் தரும். “பட்டியலில் முதலாவது மட்டும்தான் வருகிறது” என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மூன்று மதிப்புகளுக்கு ‘இன் (?, ?, ?)’ என்று எழுத வேண்டும், மதிப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கேள்விக்குறிகளை நிரலே உருவாக்கட்டும். போஸ்ட்கிரெஸில் ‘= எனி(?)’ என்று எழுதி முழுப் பட்டியலையும் அரே வடிவில் ஒரே பராமீட்டராக அனுப்பலாம், அங்கே அதுவே வசதி.

பட்டியல் காலியாக இருந்தால்? ‘இன் ()’ என்பதை எஸ்கியூலைட் ஏற்கும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டும் இலக்கணப் பிழை என்று தள்ளும். பயனர் எதையும் டிக் செய்யவில்லை என்றால் எல்லாவற்றையும் காட்டுவதா, எதையும் காட்டாமலிருப்பதா என்பதை நிரல் எழுதுபவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

பட்டியல் மிக நீளமாக இருந்தால் வரம்புகள் இடிக்கும். ஆரக்கிள் டேட்டாபேஸில் ஒரு பட்டியலுக்கு நெடுங்காலம் 1000 மதிப்புகள்தான். எஸ்கியூஎல் சர்வரில் ஒரு கோரிக்கைக்கு 2100 பராமீட்டர்கள். எஸ்கியூலைட்டில் இயல்பு வரம்பு 999 ஆக இருந்தது. 2020இல் வந்த 3.32.0 பதிப்பு அதை 32766 ஆக்கியது. சோதனையில் இருபது மதிப்புகளோடு ஓடியது, உண்மைப் பயன்பாட்டில் மூவாயிரத்தோடு முறிவது இதனால்தான். ஆயிரக்கணக்கில் மதிப்புகள் இருந்தால் அவற்றை ஒரு தற்காலிக அட்டவணையில் போட்டு அதனோடு இணைப்பதே முறை. அப்படி ஜாயின் செய்யும்போது ஒரே மதிப்பு அங்கே இரண்டு முறை இருந்தால் விடையும் இரட்டிக்கும். இன்னில் இல்லாத தொல்லை அது.

கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு

மதிப்பு அப்படியே இருக்கிறது, ‘இன்’ நிபந்தனையும் சரியாக இருக்கிறது, ஆனாலும் பொருந்தவில்லை. சொல்லின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கலாம். தமிழில் இன்னொன்றும் உண்டு. ‘தொடக்கம்’ என்பதில் உள்ள ‘தொ’வை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: தகரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் போஸ்ட்கிரெஸின் இயல்பு ஒப்பீட்டிலும் எஸ்கியூலைட்டிலும் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. பெரும்பாலான நிரல்மொழிகளில் அதற்குத் தயார் செயற்கூறு உண்டு, போஸ்ட்கிரெஸிலும் 13ஆம் பதிப்பிலிருந்து ‘நார்மலைஸ்’ இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ‘எண் இன் (6, 1, 3)’ என்று கேட்டால் விடை 6, 1, 3 என்ற ஒழுங்கில் வர வேண்டும் என்பதில்லை. காவலரின் பட்டியல் யார் உள்ளே வரலாம் என்று மட்டுமே சொல்கிறது, யார் முதலில் என்று சொல்வதில்லை. ஒழுங்கு வேண்டுமானால் ‘ஆர்டர் பை’ எழுத வேண்டும். கொடுத்த பட்டியலின் ஒழுங்கேதான் வேண்டும் என்றால் மைஎஸ்கியூஎல்லில் ‘ஆர்டர் பை ஃபீல்ட்(எண், 6, 1, 3)’. மற்றவற்றில் ‘இந்த மதிப்புக்கு இது’ என்று சொல்ல உதவும் ‘கேஸ்’ கொண்டு 6க்கு 1, 1க்கு 2, 3க்கு 3 என்று இடம் கொடுத்து அடுக்கலாம்.